கண்டி கேசிசிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

தலவாக்கலை, ஹட்டன், புசல்லாவை, ரங்கலை, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு ஆட்கள் வராத நாளே கிடையாது. பெரியாஸ்பத்திரி கிளினிக், கச்சேரி வேலை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வருகிறவர்கள் தலதா வீதியால் நடக்கும்போது கண்டி சிட்டி சென்டரைப் பார்த்திருப்பார்கள். ஊரில் எல்லோரும் கேசிசி என்று சொல்லும் அந்தப் பல மாடிக் கடைத்தொகுதியின் வாசல் வரை போய், "நமக்கெல்லாம் சரிப்படாது, வா" என்று பிள்ளைகளின் கையைப் பிடித்துத் திரும்பி வந்தவர்களும் நிறையப் பேர். அப்படித் திரும்பியவர்களுக்காகவும், தீபாவளிக்கு இந்தத் தடவையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக டிக்கெட் இல்லை. எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையின் 3 ஆவது பிரிவு, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் கடைகளிலோ உணவகங்களிலோ ஹோட்டல்களிலோ தடுக்கக் கூடாது என்று கடைகளைப் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. பாட்டாச் செருப்போடு வந்தாலும் பட்டுச் சேலையோடு வந்தாலும் அந்தக் கதவு ஒரே மாதிரித்தான் திறக்கும்.

புறப்படுவதற்கு முன்

நாளைத் தெரிவு செய்வதில்தான் பாதி நிம்மதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் சம்பளக் கிழமையும் சனம் நெருக்கியடிக்கும். முதல் தடவை என்றால் ஒரு வார நாளில் வாருங்கள். காலையில் மிகவும் நேரத்தோடு வந்தும் பயனில்லை. எல்லாக் கடைகளும் திறந்து முடியப் பத்து மணிக்கு மேலாகும். பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தால் விற்பனைப் பிள்ளைகளுக்கும் உங்களோடு நின்று பேச நேரமிருக்கும்.

எசல பெரஹரா நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் கடைக்காக மட்டும் வருவதாக இருந்தால் வேறு நாள் பாருங்கள். தலதா வீதி பெரஹரா போகும் பாதை. பிற்பகலிலேயே இரு பக்கமும் ஆட்கள் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள், வீதிகளை மூடுவார்கள், பஸ்கள் சுற்றிப் போகும். போயா தினத்தில் வந்தால் சூப்பர் மார்க்கெட்டில் மதுபானம் விற்க மாட்டார்கள், இறைச்சி கிடைப்பதும் அரிது.

கையில் கொண்டுவர வேண்டியவை அதிகமில்லை. தேசிய அடையாள அட்டை, ஒரு துணிப்பை, தண்ணீர்ப் போத்தல், சில்லறைக் காசு. துணிப்பையை ஏன் சொல்கிறேன் என்றால், 2025 நவம்பர் 1 ஆம் திகதியிலிருந்து கடைகள் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. பைக்கும் ஒரு விலை பில்லில் ஏறும். பிள்ளைகளுக்கு உடுப்பு, சப்பாத்து வாங்குவதாக இருந்தால் அவர்களின் இடுப்பளவு, பாத அளவு இரண்டையும் ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்து வாருங்கள். வயதைச் சொன்னால் கடைக்காரர் தரும் அளவு நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும்.

அதைவிட முக்கியமானது, வாங்க வேண்டியதை வீட்டிலேயே எழுதி, பக்கத்தில் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதையும் எழுதிக்கொள்வது. 2024 இல் வர்த்தமானியில் வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நாள் சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 5,400 ரூபா சட்டை ஒன்று நான்கு நாள் கொழுந்து பறித்த காசு. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு பெருக்கல் வகுத்தல் போடுங்கள். வாங்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான்கு நாள் மழையில் நின்ற உழைப்புக்கு ஈடான பொருளா என்று கேட்டு, ஆமென்றால் மனநிறைவோடு வாங்குவதற்காகத்தான்.

பஸ் இறங்கியதும்

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து பஸ்கள் குட்ஷெட் பக்கமாக, ரயில் நிலையத்தை ஒட்டி வந்து சேரும். அந்தப் பகுதியில் புதிய பஸ் நிலையக் கட்டுமான வேலைகளால் பஸ் நிற்கும் இடங்கள் மாறியிருக்கின்றன, இன்னும் மாறலாம். ஆகவே இறங்கும்போதே கண்டக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: திரும்பிப் போக எங்கே ஏற வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. பதிலை மனதில் வைக்காமல் போனில் எழுதிக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள், குறிப்பாக மழைக்காலத்தில், முதல் நாளே ஸ்டேஷனில் விசாரித்துவிடுங்கள். மண்சரிவால் மலைநாட்டுப் பாதையில் ரயில் நிற்பது நமக்குப் புதிதல்லவே.

அங்கிருந்து கேசிசிக்கு த்ரீவீல் பிடிக்கத் தேவையில்லை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்தான். ரயில் நிலையத்தையும் மத்திய சந்தையையும் கடந்து மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வந்தால் அங்கிருந்து தலதா மாளிகையை நோக்கிப் போகும் வீதிதான் தலதா வீதி. அந்த வீதியில் நடந்தால் பெயர்ப் பலகை தானாகக் கண்ணில் படும். வயதானவர்களோடு த்ரீவீலில் போனால் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏறும் முன் விலை பேசுங்கள்.

வாசலும் முதல் பத்து நிமிடமும்

வாசலில் செக்கியூரிட்டி நிற்பார். சில நாட்களில் பையைத் திறந்து காட்டச் சொல்வார். எல்லோருக்கும் சொல்வதுதான். பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார், அதில் மனம் கோணத் தேவையில்லை. வெற்றிலை போடும் பெரியவர்கள் வெளியிலேயே வாயைக் கொப்பளித்துவிட்டு வருவது நல்லது. உள்ளே துப்ப இடம் கிடைக்காது, வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

உள்ளே நுழைந்ததும் எந்தக் கடைக்குள்ளும் போகாதீர்கள். ஓர் ஓரமாக நில்லுங்கள். எந்தத் தளத்தில் எந்தக் கடை என்று எழுதிய பலகையைத் தேடிப் பாருங்கள். அந்தப் பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கண்டியில் தமிழ் பேசுகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்க, இந்தப் பலகைகளில் தமிழைத் தேட வேண்டியிருப்பது எனக்கு உறுத்தலான விஷயம்தான். வாசிக்க முடியாவிட்டால் பிள்ளையிடம் கொடுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அல்லது செக்கியூரிட்டியிடமே கேளுங்கள்.

அங்கேயே இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது? ஓர் இடத்தைக் காட்டி, "காணாமல் போனால் இங்கே வந்து நில்" என்று சின்னப் பிள்ளைக்கும் ஆத்தாவுக்கும் சேர்த்தே சொல்லுங்கள். போன் இல்லாதவர்களின் சட்டைப் பையில் உங்கள் இலக்கத்தை எழுதிய துண்டை வையுங்கள்.

எஸ்கலேட்டர்

பலர் மேல் தளங்களைப் பார்க்காமலே திரும்புவதற்கு இந்த நகரும் படிதான் காரணம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏறும் முறையைச் சொல்லித் தந்தால் எவரும் ஏறலாம்.

படிக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். தரையோடு தரையாகத் தட்டையாக வரும் தகடு, சற்றுத் தள்ளிப் போனதும் படியாக எழும்பும். ஒவ்வொரு படிக்கும் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும். சேலை கட்டியிருந்தால் கொசுவத்தை ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள். முந்தானையை இடுப்பில் செருகுங்கள். மற்றக் கையைக் கறுப்பு ரப்பர்க் கைப்பிடியில் வையுங்கள், அதுவும் படியோடு சேர்ந்து நகரும். கை அதில் பட்ட பிறகு, இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு காலை வைத்து உடனே மற்றக் காலையும் அதே படியில் சேருங்கள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று யோசித்து நிற்கும் நேரத்தில்தான் ஆள் சரிகிறது. ஏறியபின் அசையாமல் நில்லுங்கள். பக்கச் சுவரில் செருப்பு உரசக் கூடாது. மிருதுவான ரப்பர்ச் செருப்பைச் சந்து இழுத்துவிடும். மேலே வந்ததும் படி மறுபடி தட்டையாகும். அப்போது குனிந்து பார்த்துக்கொண்டிராமல் முன்னால் பார்த்து ஓர் எட்டு எடுத்து வையுங்கள், நிற்காமல் நான்கு எட்டு நடந்து விலகுங்கள். பின்னால் ஆள் வந்துகொண்டிருக்கும்.

சின்னப் பிள்ளைகளை உங்களுக்கு முன்னால் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தாலோ, முழங்கால் வலி இருந்தாலோ, இரண்டு கையிலும் பை இருந்தாலோ லிஃப்டில் போங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் பலருக்குத் தலை சுற்றும். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கும்போது லிஃப்டைத் தேடினால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

பேச்சு

கேசிசிக்குள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் புழங்கும். அக்குறணை, மடவளைப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்களும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் கண்டிக் கடைகளில் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அதனால் முதலில் தமிழிலேயே கேளுங்கள். "அக்கா, இது என்ன விலை?" என்று கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து "சொல்லுங்க" என்று ஒரு குரல் வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வராவிட்டால் கைவசம் இந்த நாலு வசனம் போதும்:

விலை கேட்க: "மேக்க கீயத?"

தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்க: "தெமள கதா கரன கெனெக் இன்னவாத?"

போட்டுப் பார்க்க: "பிட் ஒன் கரலா பலன்ன புளுவன்த?"

மாற்றித் தருவார்களா என்று கேட்க: "பஸ்ஸே மாறு கரன்ன புளுவன்த?"

நிலையான விலை எழுதிய கடையில் பேரம் பேசிப் பிரயோசனமில்லை. ஆனால் கழிவு உண்டா, குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு விலை குறைவா என்று கேட்பது எல்லோரும் செய்வதுதான்.

பார்ப்பதும் வாங்குவதும்

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஒரு சுற்று வந்து விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிள்ளை பின்னாலேயே வந்தால் "சும்மா பார்க்கிறேன் தங்கச்சி" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கும் அது பழகிய பதில். சட்டையை எடுத்து விரித்துத் தையலைப் பார்க்கலாம், துணியைக் கசக்கிப் பார்க்கலாம். பார்த்ததற்காக வாங்க வேண்டியதில்லை.

எதை இங்கே வாங்குவது, எதை வெளியே வாங்குவது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பத்துச் சேலை, பாவாடைத் துணி, தைக்கக் கொடுக்கும் துணி என்றால் கண்டியிலேயே உள்ள கொழும்பு வீதிக் கடைகளுக்குப் போங்கள். அங்கே மொத்தமாக எடுத்தால் விலை பேசலாம். மரக்கறி, பழம், மாசிக் கருவாடு, மசாலா மத்திய சந்தையில். சூப்பர் மார்க்கெட்டில் பால்மா, சவர்க்காரம், பிஸ்கட் போன்ற விலை அச்சிட்ட பொருட்களுக்கு நம் தோட்டத்துக் கடையைவிட நிம்மதி அதிகம், ஏனென்றால் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு சதம் கூட வாங்க மாட்டார்கள். போன், மின்சாரப் பொருள், நல்ல சப்பாத்து, ஒரு வருடமாவது உழைக்க வேண்டிய குடை, பை போன்றவற்றைக் கடைத்தொகுதிக்குள் பில்லோடும் உத்தரவாத அட்டையோடும் வாங்குவது புத்தி.

உடுப்பை பிட் ஒன் பண்ணிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். திரும்பி வந்து மாற்ற இன்னொரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். போட்டுப் பார்க்கும் அறைக்குள் கையைத் தூக்கிப் பாருங்கள், உட்கார்ந்து எழும்பிப் பாருங்கள். சப்பாத்தை மாலையில் வாங்குவது நல்லது. நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. பிள்ளைக்குப் பாடசாலையில் கொடுத்த சப்பாத்து வவுச்சர் இருந்தால், பில் போடுவதற்கு முன்பே அந்தக் கடை அதை ஏற்குமா என்று கேளுங்கள். எல்லாக் கடையும் ஏற்காது.

கேஷியர் ஒவ்வொரு பொருளையும் அடிக்கும்போது திரையைப் பாருங்கள். தட்டில் எழுதிய விலை ஒன்று, திரையில் வரும் விலை ஒன்று என்று இருந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. அட்டையில் காசு கட்டினால் 3 வீதம் கூட என்று எந்தக் கடையாவது கேட்டால், மத்திய வங்கி அதற்கு அனுமதிக்கவில்லை என்று சொல்லலாம். உங்கள் வங்கிக்கு முறைப்பாடும் செய்யலாம்.

போன் வாங்க வந்த தம்பி தங்கச்சிமார்களுக்கு

கொழும்பில் வேலை செய்து சேர்த்த முதல் காசில் போன் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். பெட்டியின் பளபளப்பைப் பார்த்ததும் கை நடுங்கும். அவசரப்படாதீர்கள்.

கடையில் காட்டும் போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்கங்கள் திரையில் வரும். பெட்டியில் அச்சிட்ட இலக்கமும் அதுவும் ஒன்றா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் பழைய போனை எடுத்து, ஐஎம்இஐ (IMEI) என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் எழுதி 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் சேவை. அந்தப் போன் பதிவு செய்யப்பட்டதா இல்லையா என்று பதில் வரும். பதில் வரும் வரை காசைக் கையில் வைத்திருங்கள். பதிவில்லாத போன் மலிவாகக் கிடைக்கும், ஆனால் சிம் போட்டால் வேலை செய்யாமல் போகலாம்.

உத்தரவாதம் யாருடையது என்பதும் முக்கியம். கம்பனி உத்தரவாதமா, கடை உத்தரவாதமா, எத்தனை மாதம், பழுதானால் கண்டியிலேயே திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா. நான்கையும் கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன உத்தரவாதம் அடுத்த மாதம் அந்த விற்பனைப் பிள்ளை வேலை மாறும்போது போய்விடும்.

தவணைக்கு எடுப்பதென்றால்

குளிர்சாதனப் பெட்டி, டீவி, தையல் மெஷின் எல்லாம் தவணைக்குத் தருவார்கள். இங்கேதான் தோட்டத்து ஆட்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. கடைக்காரர் வதிவிடத்தை உறுதிப்படுத்த மின்சார பில்லோ தண்ணீர் பில்லோ கேட்பார். லயத்தில் இருப்பவர்கள் பலருக்குத் தங்கள் பெயரில் அப்படி ஒன்று கிடையாது. வீட்டு இலக்கமே இல்லாமல், தோட்டத்தின் பெயருக்குத்தான் கடிதமே வருகிறது. நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து, பொருளைத் தெரிவு செய்து, படிவத்தில் "முகவரி" என்ற கட்டத்தில் வந்து நின்று வெறுங்கையோடு திரும்புவது மிகக் கொடுமை. ஆகவே வருவதற்கு முன்பே கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிணையாளர்கள் கேட்டால் அவர்களின் அடையாள அட்டைப் பிரதியும் தேவைப்படும். இவை போதுமா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கணக்கு: மாதத் தவணையை மாதங்களால் பெருக்கி, முதலில் கட்டும் காசைக் கூட்டுங்கள். வரும் தொகையை ரொக்க விலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம்தான் நீங்கள் கொடுக்கும் வட்டி. மழை பெய்து பேர், அதாவது வேலை நாள், குறைந்த மாதத்திலும் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று வீட்டில் எல்லோருமாகப் பேசுங்கள். படிவம் புரியாத மொழியில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். பொருளைத் தோட்டம் வரை கொண்டுவந்து தருவார்களா, பிரதான வீதியில் இறக்கிவிட்டுப் போவார்களா என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். லயம் வரை அந்த லொறி ஏறுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது.

சாப்பாடு

மேல் தளத்தில் உணவுக்கூடம் இருக்கிறது. நடுவில் பொதுவான மேசைகள், ஓரமாகப் பல கடைகள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குக் கொத்து, ஒருவருக்குச் சோறு, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் என்று வெவ்வேறு கடையில் வாங்கி ஒரே மேசையில் உட்காரலாம். முதலில் காசு கட்டி, துண்டை வாங்கி, கூப்பிடும்போது போய் எடுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்துக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, கார்த்திகை விரதம் என்று மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது மாசி. தேங்காய்ச் சம்பல், பருப்பு, சில மரக்கறிகளில் கூட மாசித்தூள் விழும். அது மீன் கறி இல்லையென்பதால் மரக்கறிச் சாப்பாட்டிலேயே சேர்த்துவிடுவார்கள். "உம்பலகட தானவாத?" என்று கேளுங்கள், மாசி போடுவீர்களா என்று அர்த்தம். போடுவோம் என்றால் அதை விட்டு மற்றதை வையுங்கள் என்று சொல்லலாம். செலவு கட்டுப்படியாகாது என்றால் குற்றமில்லை. வெளியே வந்து சந்தைப் பக்கத்து ஹோட்டலில் தோசை வடை சாப்பிட்டுவிட்டு, இங்கே பிள்ளைகளுக்கு ஓர் ஐஸ்கிரீம் மட்டும் வாங்கிக் கொடுக்கலாம். அவர்களுக்கு அந்த மேசையில் உட்கார்ந்ததுதான் பெரிசு.

பிழையொன்று நடந்தால்

பில்லைக் கசக்கி எறியாதீர்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. அச்சிட்ட பில் சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

பொருள் பழுது என்றால் முதலில் கடைக்குப் போய் அமைதியாகச் சொல்லுங்கள். விற்பனைப் பிள்ளையோடு சண்டை போடாமல் மேலாளரைக் கேளுங்கள், முடிவு எடுக்கக் கூடியவர் அவர்தான். சரிவராவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து அதிகாரசபையிடம் பேசுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "போகட்டும், ஆயிரம் ரூபாதானே" என்று விடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஆயிரம் ரூபா என்பது எத்தனை கிலோ கொழுந்து என்று உங்களுக்குத் தெரியும், விடாதீர்கள்.

உள்ளே யாருக்காவது மயக்கம் வந்தால் 1990 இலவச அம்புலன்ஸ், களவு, தொந்தரவு என்றால் 119 பொலிஸ்.

வேலை கேட்டு வருகிறவர்களுக்கு

கேசிசியையும் சுற்றியுள்ள கடைகளையும் சாதாரண தரம், உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள் வேலைக்காகவும் நாடி வருகிறார்கள். காலையிலிருந்து இருட்டும் வரை நின்றபடியே சிரித்த முகத்தோடு வேலை செய்யும் பிள்ளைகள் அவர்கள். கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தால் தயங்காமல் உள்ளே போய்க் கேளுங்கள். சுயவிபரக் கோவை, அடையாள அட்டைப் பிரதி, பெறுபேற்றுச் சீட்டுப் பிரதி கையில் இருக்கட்டும். தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்திருப்பது இங்கே பெரிய தகுதி. அதைக் கேட்காமலே நீங்களாகச் சொல்லுங்கள்.

சேருவதற்கு முன் நியமனக் கடிதம் கேளுங்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, அதற்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு. சம்பளத்தில் 8 வீதம் உங்களிடமிருந்து பிடித்து, 12 வீதம் முதலாளி சேர்த்து ஊழியர் சேமலாப நிதியில் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முதலாளியே போட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. பயிற்சிக் காலம் என்று சொல்லி இவற்றைத் தள்ளிப் போட்டால் ஏற்காதீர்கள். கண்டியில் தங்குமிடத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கழித்துப் பார்த்து, வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுமா என்று பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

திரும்பும்போது

வெளியே வருவதற்கு முன் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். ஹட்டன், நுவரெலியா பஸ்ஸில் வளைவுப் பாதையில் பல மணி நேரம் உட்கார வேண்டும், பெண்களுக்கு இடையில் நிறுத்தக் கேட்பதும் சங்கடம். காசுப் பையையும் போனையும் பெரிய பைக்குள் போடாமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறும் நெரிசலில்தான் பிக்பொக்கட் நடக்கிறது. போன் வாங்கியிருந்தால் பெட்டியைக் கடைப் பையில் தொங்கவிட்டு நடக்க வேண்டாம், உங்கள் துணிப்பையின் அடியில் உடுப்புக்குக் கீழே வையுங்கள்.

கண்டக்டர் சொன்ன கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள். கடைசி பஸ் நிறைந்து வந்தாலோ ஓடாமல் விட்டாலோ, பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் அந்தக் கடைசி நாலு மைல் இருட்டில் நடக்க வேண்டிவரும். கையில் பைகளும் தூங்கி விழும் பிள்ளைகளும் இருந்தால், சந்தியில் நிற்கும் தெரிந்த த்ரீவீல் அண்ணனுக்குக் கண்டியிலிருந்து புறப்படும்போதே ஒரு கோல் கொடுத்துவிடுங்கள்.